சிகோர்ஸ்கியும் 90 டிகிரியும்

நெமிலிச்சேரியில ரயில் ஏறி மேற்கே போனா அரக்கோணம். அங்க ஐ.என்.எஸ். ராஜாளியில நம்ம கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கு. அங்க படிக்கிறவங்க கையில பிடிக்கிற சைக்ளிக் ஸ்டிக்குக்காக ரொம்ப மெனக்கெட்டவங்கள்ல ஒருத்தர் ஈகோர் சிகோர்ஸ்கி.

1889-ல் கீவ் நகரில் பிறந்தார். இருபது வயசுல செஞ்ச முதல் ஹெலிகாப்டர் எழும்பவே இல்ல. அடுத்தது தன் எடையைத் தூக்குச்சு, ஆளைத் தூக்கல. விட்டுட்டு விமானம் பக்கம் போனார். 1913-ல் நாலு இன்ஜின் விமானம், 1919-ல் அமெரிக்கா, 1923-ல் ஒரு கோழிப்பண்ணையில சொந்தக் கம்பெனி. 1938-ல் தாய் நிறுவனம் அவரோட பிரிவை மூட முடிவு பண்ணுச்சு. தன் டீமை வச்சு ஹெலிகாப்டர் செய்ய மட்டும் அனுமதி கேட்டு வாங்கினார்.

1939 செப்டம்பர் 14 அன்று வி.எஸ்.-300 கயிற்றில் கட்டப்பட்டபடியே தரையை விட்டு எழும்புச்சு. ஓட்டினது ஐம்பது வயசு சிகோர்ஸ்கியே, தலையில தொப்பியோட!

தூக்கியாச்சு, ஆனா சாய்க்கணுமே. சுத்துற பம்பரத்தை ஒரு பக்கம் தள்ளினா அது 90 டிகிரி தள்ளிச் சாயும். ரோட்டாரும் அப்படித்தான். மேலிருந்து பார்த்தா இடஞ்சுழியா சுத்துற ரோட்டாரை முன்னால சாய்க்க, பிளேடு இடது பக்கம் வரும்போது பிட்ச்சைக் கூட்டணும், வலது பக்கம் குறைக்கணும். கால் சுற்று கழிச்சு, வால் பக்கம் போகும்போதுதான் அந்த பிளேடு உச்சிக்குப் போகும். (இது பிளேடு ஃபிளாப்பிங்கோட ஃபேஸ் லேக்னு ஏரோ பசங்க சண்டைக்கு வருவாங்க. அதுவும் சரிதான், கீல் மையத்துல இருந்து தள்ளி இருந்தா 90-க்குக் கொஞ்சம் குறையும்.)

முதல்ல வச்ச சைக்ளிக் சொன்ன பேச்சு கேட்கல. அதைக் கழட்டிட்டு வால்ல மூணு சின்ன ரோட்டார் வச்சார். பக்கவாட்டுல, பின்னால எல்லாம் நல்லாப் பறந்துச்சு. வேகமா முன்னால போகத்தான் தடுமாறுச்சு. மெயின் ரோட்டார் கீழே தள்ளுற காற்று அந்தச் சின்ன ரோட்டார்களைக் கலைச்சதுதான் காரணம். அந்த நிலையிலயே 1941 மே 6 அன்று 1 மணி 32 நிமிஷம் காற்றில் நின்னு உலக சாதனை. வேற யாரா இருந்தாலும் அதோட நிறுத்தியிருப்பாங்க. இவர் அதே வருஷக் கடைசிக்குள்ள படுக்கை ரோட்டார்களைக் கழட்டி, முழு சைக்ளிக்குக்கே திரும்பினார். முதல் பறப்பை விட இந்த முடிவுதான் பெருசுன்னு எனக்குத் தோணுது. 1942 ஜனவரியில பறந்த ஆர்-4 இதே அமைப்புதான்; அது ஃபேக்டரியில வரிசையா தயாரானது. 1954-ல் நம்ம விமானப்படைக்கு வந்த முதல் ஹெலிகாப்டர் எஸ்-55-ம் அவர் கம்பெனியோடது. 1972-ல் காலமானார்.

ராஜாளியில பயிற்சிக்குப் பயன்பட்ட சேத்தக் மட்டும் பிரெஞ்சு டிசைன். அதோட ரோட்டார் வலஞ்சுழி. அதுக்கு மேலே சொன்ன இடது வலதை மாத்திப் படிச்சுக்கோங்க.