திரைக்குப் பின்னிருந்து படித்தவர்: டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்



மருத்துவராக வேண்டும் என்னும் ஆசை நம் பள்ளியில் பலருக்கு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பயிலும் எங்களுக்கும் உண்டு. நம்மில் பலருடைய பெற்றோர் தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆலையிலும் உழைக்கின்றனர். சிவகாசிப் பக்கம் மருந்து என்றால், பட்டாசுக்குள் செலுத்தும் கலவை என்றே முதலில் பொருள்படும். அந்த மருந்து சுட்ட புண்ணை ஆற்றும் மருந்தையும் நம் ஊர்ப் பெண்கள் கற்க வேண்டாமா? அதற்குப் பள்ளிப் பருவத்திலேயே ஆயத்தமான ஒருவரின் வரலாற்றை இங்கே வரைகிறோம்.

புதுக்கோட்டையில் 1886 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30 ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இத்திருமணத்தால் தந்தை தம் உறவினரின் வெறுப்புக்கு ஆளானார். இரு தரப்புப் பேச்சையும் கேட்டே அக்குழந்தை வளர்ந்தது.

பருவம் எய்தியதும் பெண்ணின் படிப்பு நிற்பது அக்கால வழக்கம். முத்துலட்சுமியும் பள்ளியைவிட்டு நிற்க நேர்ந்தது. மகளுக்கு மணம் முடித்துவிட வேண்டும் என்பது தாயின் கவலை. தந்தையோ வீட்டையே வகுப்பறையாக்கினார். தாமும் கற்பித்தார், ஆசிரியரையும் அமர்த்தினார். உடன் பயிலும் தோழியர் இல்லை. ஐயம் கேட்கப் பக்கத்து இருக்கை இல்லை. ஆயினும் 1902 இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். அப்போது அவருக்கு வயது 16.

அடுத்த படி அதனினும் கடினமாயிற்று. மகாராஜா கல்லூரி ஆண்களின் கல்லூரி. பெண் என்பதாலும், தாயின் குலத்தைக் காட்டியும் எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இடமும் உதவித்தொகையும் அளித்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்குச் சென்று, வகுப்பில் திரைக்குப் பின்னால் அமர்ந்து அவர் பாடம் கேட்டார் என்பர். திரை முகத்தை மறைத்தது, அறிவை மறைக்கவில்லை.

1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மெட்ரிகுலேஷனுக்கும் இதற்கும் இடையே ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன என்பதைத் தங்கையர் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம். 1912 இல் பரிசுகளும் பதக்கங்களும் பெற்று மருத்துவப் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார். 1914 இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

சென்னைச் சட்டமன்ற மேலவைக்குச் சென்று அதன் துணைத் தலைவரான அவர், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1947 இல் சட்டம் நிறைவேறியது. ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் அமைத்தார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அதன் பயனாக, 1954 இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு பிறந்தது. 1956 இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 சூலை 22 இல் மறைந்தார். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவுற்ற தாய்மார் பெறும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இன்று நமக்குத் திரையில்லை. ஆனால் தடை உண்டு. 2017 முதல் தமிழ்நாட்டிலும் நீட் தேர்வின்றி மருத்துவ இடம் இல்லை. மொத்தம் 720 மதிப்பெண். அதில் பாதி, 360, உயிரியலுக்கே. எஞ்சியது இயற்பியலுக்கும் வேதியியலுக்கும். ஆகவே பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை அவ்வகுப்பு முடிந்ததும் மூட்டை கட்டிவிடலாகாது. அதிலிருந்தும் வினாக்கள் வரும். விருதுநகரிலேயே 2022 சனவரியில் 150 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை பயின்ற மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் உள்ளது. உங்கள் தெருவில் அரசுப் பள்ளியில் படிக்கும் தோழி இருந்தால் இதைத் தவறாமல் சொல்லுங்கள்.

முதல் முயற்சியில் இடம் கிட்டாத அக்காமார் நம் ஊரில் பலர். அவர்களுள் சிலர் வெட்கத்தால் வெளியே வரவும் தயங்குகின்றனர். ஐந்து ஆண்டுகள் பொறுத்திருந்த அம்மையாரை அவர்கள் நினைக்கட்டும். செவிலியர், மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர் ஆகியோரின் பணிகளும் நோயாளிக்குத் துணை நிற்பவையே. வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தால், முத்துலட்சுமியின் தந்தை செய்ததை நம் தந்தையரிடம் பணிவோடு எடுத்துரைப்போம். நாள்தோறும் சிறிது சிறிதாகப் படிப்போம். தீக்காயத்தோடு வரும் தொழிலாளித் தாயின் கையை, அவள் பேச்சு புரிந்த நம் ஊர் மருத்துவர் பற்றும் நாள் வரட்டும்.