விசா இல்லாத கடலில் போய்வந்த விபுலானந்த அடிகள்

சில வாரங்களுக்கு முன்னர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அம்மா ஒருவருக்கு இந்திய விசா விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பிக் கொடுத்தேன். 1990 கலவரத்தோடு படகேறிப் போன அவருடைய தங்கை இன்னமும் தமிழ்நாட்டு முகாமொன்றில்தான் இருக்கிறார். போய் ஒரு கிழமை தங்கையோடு இருந்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். படிவமோ மதத்தைக் கேட்டது, உடம்பில் உள்ள அடையாளத்தைக் கேட்டது, பாட்டன் பாட்டி பாகிஸ்தான்காரரா என்றும் கேட்டது. வாழ்நாளில் வாகரையைத் தாண்டாத தன் அப்பாச்சியை நினைத்து அந்த அம்மா சிரித்துவிட்டார்.

வேலை முடிந்து கல்லடி உப்போடை வழியாக வந்தேன். சிவானந்த வித்தியாலய வளவில் சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. ஆண்டுதோறும் மாலை போட்டு, முத்தமிழ் வித்தகர் என்று சொல்லிக் கலைந்துபோகிறோம். அன்று எனக்கு வேறொன்று தோன்றியது. இந்த மனிதரின் வாழ்க்கையில் பாதி, கடலைக் கடந்து போய்வந்ததுதான். விசா என்ற பேச்சே அந்தப் பயணங்களில் இல்லை.

1892 மார்ச் 27ஆம் திகதி காரைதீவில், சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாகப் பிறந்தார். அன்று மட்டக்களப்பு, இன்று அம்பாறை மாவட்டம். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். கல்முனையிலும், பிறகு வாவிக்கரையிலுள்ள புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி, பிறகு விஞ்ஞான டிப்ளோமா. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். பின்னர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம், மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவி. முப்பது வயதுக்குள் இவ்வளவும். அப்படியே இருந்திருந்தால் நல்ல சம்பளத்தோடு ஓய்வுபெற்றிருப்பார்.

1922இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். 1924இல் துறவு பூண்டு விபுலானந்தரானார். அடுத்த ஆண்டே ஊர் திரும்பிப் பள்ளிக்கூடப் பணியில் இறங்கினார். கல்லடியில் சிவானந்த வித்தியாலயம் 1929இல் எழுந்தது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு அவர் உண்டாக்கிய இல்லத்தின் அருமையை, யுத்தத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைக் கண்ட எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

1931இல் மறுபடி கடல் கடந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருத்தப்பட்டவர் இந்தக் காரைதீவு மனிதர்தான். வெளிநாட்டவரா, வேலை அனுமதி உண்டா என்ற கேள்விக்கு இடமிருக்கவில்லை. இரண்டு கரையும் பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்தன. 1914இலிருந்து தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கப்பல் ஓடியது. கொழும்பில் ரயில் ஏறினால் தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் மறுபடி ரயில், பிறகு சென்னை.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கவும் நான் விரும்பவில்லை. அதே பாதையில் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த கூலித் தொழிலாளரை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் மறித்துவைத்து, நோய்த்தடுப்பு என்ற பெயரில் சோதித்துத்தான் அனுப்பினார்கள். கதவு எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறந்திருக்கவில்லை.

சிதம்பரத்தில் இருந்த நாட்களில்தான் யாழ் அவரைப் பிடித்துக்கொண்டது. பழந்தமிழர் வாசித்த அந்த நரம்புக் கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. எப்படி இருந்தது, எத்தனை நரம்பு, எந்தச் சுருதி என்று சொல்ல ஆளில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் வைத்துக்கொண்டு, தான் படித்த பௌதிகத்தையும் கணிதத்தையும் சேர்த்து சுருதிகளைக் கணக்கிட்டார். தேவாரப் பண்களை ஆராய்ந்தார். ஏறத்தாழ பதினான்கு வருட உழைப்பு. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களுக்கும் கவிதை எழுதிய மனிதரின் காது அது. ஆனால் காது மட்டும் போதாது. ஏடுகளும் பண்பாடும் ஓதுவார்களும் கோயில்களும் அக்கரையில் இருந்தன. போய்வர முடிந்ததால் நூல் பிறந்தது என்பது என் எண்ணம்.

இதற்கிடையில் 1939இல் இமயமலையில் மாயாவதி ஆச்சிரமத்துக்குப் போய், பிரபுத்த பாரத என்ற ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்தார். மாயாவதி நேபாள எல்லைக்குக் கிட்ட உள்ள இடம். இந்தியாவும் நேபாளமும் 1950இல் செய்த ஒப்பந்தத்தின்படி, அந்த எல்லையை இரு நாட்டுச் சனங்களும் இன்றும் விசா இல்லாமல் கடக்கிறார்கள். எங்கள் கடலுக்கு அப்படியொரு ஒப்பந்தம் எழுதப்படவில்லை.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். உடம்பு தளர்ந்துவிட்டது. ஆனாலும் 1947 ஜூனில், கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட யாழ்நூலின் அரங்கேற்றத்துக்குத் தஞ்சைப் பக்கம் போனார். திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் விழா. சம்பந்தர் பதிகம் பாட, ஓடக்காரன் இல்லாமலே ஓடம் வெள்ளத்தைக் கடந்தது என்று கதை வழங்கும் தலம் அது. அவருடைய கணக்கின்படி செய்த யாழ்கள் அங்கே வாசிக்கப்பட்டன.

கொழும்பு திரும்பியவர் ஜூலை 19ஆம் திகதி காலமானார். உடலைக் கல்லடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அதற்கு 27ஆம் நாள் இந்தியா சுதந்திரம் பெற்றது. அடுத்த பெப்ரவரியில் இலங்கையும். அதே 1948இல் இங்கே இரண்டு சட்டங்கள் வந்தன. குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கியது. 20ஆம் இலக்கக் குடிவருவோர், குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அடிகள் இன்னும் சில வருடம் இருந்திருந்தால் மயிலாப்பூருக்குப் போகக் கடவுச்சீட்டோடு வரிசையில் நின்றிருப்பார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் கொண்டுபோனது.

எண்பதுகளிலும் தொண்ணூறிலும் எங்கள் சனம் கடல் கடந்தது எந்தத் தாளும் இல்லாமல்தான். அதற்குக் கணக்கு இன்னமும் கேட்கப்படுகிறது. 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் அமைப்பின் ஏற்பாட்டில் தமிழ்நாட்டிலிருந்து ஊர் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். உரிய ஆவணம் இல்லாமல் நாட்டைவிட்டுப் போனாராம். அந்த 1948ஆம் ஆண்டுச் சட்டந்தான்.

சிங்கப்பூர், மாலைதீவு நாட்டவரோடு இலங்கையர் விசா இல்லாமல் பரஸ்பரம் போய்வரலாம். இந்தியாவோடும் ஓர் ஒப்பந்தம் உண்டு. 2015 மார்ச்சில் கொழும்பில் கைச்சாத்தானது. ஆனால் அது இராஜதந்திர, உத்தியோகபூர்வ கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு. சாதாரண கடவுச்சீட்டுக்காரருக்கு அந்த ஏப்ரலிலிருந்து இணையத்தில் விண்ணப்பிக்கும் வசதி கிடைத்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் கப்பல் தொடங்கியபோதும் விசா விசாதான்.

அந்த அம்மாவின் படிவத்தில் கடைசியாக, இந்தியாவில் தெரிந்த ஒருவரின் பெயரும் முகவரியும் கேட்டிருந்தது. தங்கையின் பெயரைச் சொன்னார். முகவரியாக முகாமின் பெயரைப் போடலாமா, போட்டால் விசா மறுப்பார்களா என்று என்னிடம் கேட்டார். உள்ளதை உள்ளபடி போடுவோம் என்றேன். போட்டோம். பதில் இன்னும் வரவில்லை.