வேலையில் பாகுபாடு கூடாது... சட்டத்தில் ஒரே ஒரு வார்த்தைக்காகப் போராடிய வழக்கறிஞர்! யார் இந்த பாலி முர்ரே?

ஆண்கள் தேவை, பெண்கள் தேவை என்று வேலை விளம்பரங்களைத் தனித்தனியாகப் பிரித்து நாளிதழ்கள் அச்சிட்ட காலம் அமெரிக்காவில் இருந்தது. நல்ல சம்பளம் உள்ள வேலைகள் பெரும்பாலும் ஆண்கள் பத்தியில்தான் இருக்கும். இது மாறுவதற்கு 1964-ம் ஆண்டு சட்டத்தில் இருந்த 'பாலினம்' என்ற ஒரு வார்த்தை பெரிய காரணம். அந்த வார்த்தை நீக்கப்படாமல் இருக்க உழைத்தவர்களில் ஒருவர், கறுப்பின வழக்கறிஞர் பாலி முர்ரே. யார் இவர்? பார்க்கலாம்.

சிறுவயதிலேயே இழப்பு

1910-ம் ஆண்டு நவம்பர் 20-ம் தேதி பால்டிமோரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். வட கரோலினாவின் டர்ஹம் நகரில் பெரியம்மா, பாட்டி, தாத்தாதான் வளர்த்தார்கள். மனநல மருத்துவமனையில் இருந்த தந்தை, 1923-ல் அங்கிருந்த காவலாளி ஒருவரால் அடித்துக் கொல்லப்பட்டார்.

நியூயார்க்கின் ஹண்டர் கல்லூரியில் 1933-ல் பட்டம் பெற்ற முர்ரே, மேற்படிப்புக்காக வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். 1938-ல் வந்த பதில்: கறுப்பினத்தவருக்கு இங்கே இடமில்லை.

பேருந்தில் காந்தி வழி

1940 மார்ச்சில் வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில், பேருந்தின் பின்பக்கம் இருந்த உடைந்த இருக்கைக்குப் போக மறுத்து, தோழியுடன் சேர்ந்து கைதானார். ரோசா பார்க்ஸ் கைதானதற்கு 15 வருஷம் முன்னாடி நடந்தது இது. காந்தியின் சத்தியாகிரகம் பற்றிப் படித்திருந்த முர்ரே, சிறையிலும் அதே வழியைப் பின்பற்றினார். சட்டம் படிக்கணும் என்ற எண்ணம் உறுதியானதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

ஹார்வர்டு சொன்ன காரணம்

1941-ல் ஹோவர்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். வகுப்பில் ஒரே பெண். அங்கே நிறப் பாகுபாடு இல்லை. ஆனா பெண் என்பதால் கேலி இருந்தது. கறுப்பினத்தவரை ஒடுக்கிய சட்டங்களுக்கு 'ஜிம் க்ரோ' என்று பெயர் இருந்ததால், பெண்களுக்கு நடப்பதற்கு 'ஜேன் க்ரோ' என்று பெயர் வைத்தார் முர்ரே.

1944-ல் வகுப்பிலேயே முதல் மாணவராகத் தேறினார். வழக்கமாக முதலிடம் பெறுபவர் மேற்படிப்புக்கு ஹார்வர்டு போவார். ஆனால் முர்ரேவுக்கு அங்கே சீட் இல்லை. இந்த முறை காரணம் நிறம் இல்லை, பாலினம். அதிபர் ரூஸ்வெல்ட் கடிதம் எழுதியும் ஹார்வர்டு அசையவில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லியில் மேற்படிப்பை முடித்தார். அங்கே அவர் எடுத்த ஆய்வுத் தலைப்பே வேலைவாய்ப்பில் சம உரிமைதான்.

அந்த ஒரு வார்த்தை

1964-ல் குடிமை உரிமைகள் சட்ட மசோதா நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றை வைத்து வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் 7-வது பிரிவு. கீழவையில் பாலினமும் சேர்க்கப்பட்டது. சேர்த்தவர், மசோதாவையே எதிர்த்த வர்ஜீனியா உறுப்பினர் ஹோவர்டு ஸ்மித்! அதனால் பலர் இதை ஜோக்காகத்தான் பார்த்தார்கள். செனட்டில் அந்த வார்த்தை போய்விடும் என்ற நிலை.

அப்போதுதான் முர்ரே ஒரு குறிப்பைத் தயாரித்தார். அதன் வாதம் எளிமையானது. ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு வேலை மறுக்கப்பட்டால், அது நிறத்தாலா, பெண் என்பதாலா என்று எப்படிப் பிரிப்பது? பாலினம் இல்லாவிட்டால், நிறுவனம் இரண்டாவது காரணத்தைச் சொல்லித் தப்பித்துவிடும். அப்புறம் சட்டம் கறுப்பின ஆண்களைத்தான் காப்பாற்றும். இந்தக் குறிப்பு செனட்டர்களுக்கும் அதிபரின் மனைவிக்கும் போனது. வார்த்தை தப்பியது. ஜூலை 2-ம் தேதி மசோதா சட்டமானது.

சட்டம் வந்தும் மாறலையே?

சட்டத்தை அமல்படுத்த வந்த ஆணையம், ஆண்-பெண் தனி விளம்பரங்களைத் தொடர அனுமதித்தது. 1965-ல் முர்ரே இதைப் பொதுமேடையில் வெளிப்படையாக எதிர்த்தார். சட்டத்தை அமல்படுத்த வைக்க ஓர் அமைப்பு வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 1966-ல் தேசிய பெண்கள் அமைப்பு உருவானபோது, நிறுவனர்களில் அவரும் ஒருவர். 1968-ல் அந்த ஆணையமே தனி விளம்பரங்கள் சட்டவிரோதம் என்று சொன்னது.

பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க், 1971-ல் 'ரீட்' வழக்கு மனுவில் முர்ரேயின் பெயரையும் சேர்த்தார். அவர் அந்த மனுவை எழுதவில்லை. ஆனா வாதத்துக்கு அடித்தளம் அவர் போட்டது என்பதால் அந்த மரியாதை. பாலினப் பாகுபாட்டை அரசமைப்புக்கு எதிரானது என உச்ச நீதிமன்றம் சொன்ன முதல் தீர்ப்பு அதுதான்.

வெளியே சொல்ல முடியாத வாழ்க்கை

முர்ரே பெண்களைக் காதலித்தார். மனதளவில் தன்னை ஆணாக உணர்ந்து, ஹார்மோன் சிகிச்சை கேட்டு மருத்துவர்களையும் அணுகினார். கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் இதை வெளியே சொல்லியிருந்தால் வேலையே போயிருக்கும்.

1977-ல் 66 வயதில், எபிஸ்கோபல் திருச்சபையின் முதல் கறுப்பினப் பெண் குரு ஆனார். 1985 ஜூலை 1-ம் தேதி பிட்ஸ்பர்க்கில் காலமானார்.

35 வருஷம் கழித்து, 2020-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பு ஒன்றை வழங்கியது. தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் என்பதற்காக யாரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றது. அதற்கு ஆதாரமாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது, 7-வது பிரிவில் இருக்கும் அதே 'பாலினம்' என்ற வார்த்தையைத்தான்.