தகுதி பெற்றும் போகாத ஒலிம்பிக்: ஆர். ஆறுமுகம்

மாணவர்களே, காற்பந்து என்றாலே எல்லாருக்கும் முன்வரிசையில் ஓடிக் கோல் அடிக்கத்தான் ஆசை. ஈப்போ வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் எனக்கு இது நன்றாகத் தெரியும். கோல் காவலராக நிற்க யார் வருகிறீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் தரையைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஆர். ஆறுமுகத்தின் கதையைத்தான்.

1953 ஜனவரி 31-ஆம் நாள் பிறந்த ஆறுமுகம், சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காவலராக விளங்கியவர். நீண்ட கைகளை விரித்துப் பாய்ந்து பந்தைத் தடுத்ததால் ரசிகர்கள் அவரை ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைத்தார்கள். அன்று பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டி முடித்த இளைஞர்களுக்கு மாலைப் பொழுது தோட்டத்துத் திடலில்தான் கழியும். மலேசியக் கிண்ணத்தில் பேராக்கைச் சந்திக்கும்போது ஆறுமுகம் அவர்களுக்கு எதிரணி. நாட்டுக்காக நிற்கும்போதோ அவர் நம்மவர்.

கோல் காவலரின் வேலை பாய்வது மட்டுமன்று. திடல் முழுவதையும் எப்போதும் தன் முன்னால் பார்ப்பவர் அவர் ஒருவரே. தற்காப்பு ஆட்டக்காரர்களை அவர்தான் குரல் கொடுத்து நிறுத்த வேண்டும். பந்தோடு வருபவனை நோக்கி முன்னேறி, கோல் தெரியும் இடைவெளியைக் குறைக்க வேண்டும். முன்வரிசைக்காரர் ஐந்து வாய்ப்பைத் தவறவிட்டு ஒன்றைப் போட்டால் நாயகன். காவலர் ஐந்தைத் தடுத்து ஒன்றை விட்டால் குற்றவாளி. சோ சின் ஆன், சந்தோக் சிங் போன்ற தற்காப்பு வீரர்களுக்குப் பின்னால் நின்று, அந்தச் சுமையை ஆறுமுகம் பல ஆண்டுகள் தாங்கினார். 1974-இல் டெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்ற மலேசியக் குழுவில் அவரும் ஒருவர்.

1980 ஏப்ரல் 6-ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. வெற்றிக் கோலைப் போட்டவர் ஜேம்ஸ் வோங். ஆனால், ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அப்போட்டியைப் புறக்கணித்தது. நம் இடத்தில் ஈராக் ஆடியது. அதன் பின் இன்றுவரை நம் ஆண்கள் குழு ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவில்லை.

அப்போது ஆறுமுகத்துக்கு வயது 27. ஓர் ஆட்டக்காரரின் நல்ல பருவம் அது. வந்த வாய்ப்பு தம் தவறு எதுவுமின்றிக் கைநழுவிப் போனது. அவரோ கையுறையைக் கழற்றி வைத்துவிடவில்லை, தொடர்ந்து ஆடினார். 1988 டிசம்பர் 18-ஆம் நாள், 35 வயதில், கார் விபத்தில் காலமானார். 2016-இல் வெளிவந்த ‘ஓலா போலா’ திரைப்படத்தில் வரும் கோல் காவலர் முத்துவைப் பார்த்த மூத்த ரசிகர்களுக்கு ஆறுமுகத்தின் நினைவுதான் வந்தது.

நல்ல தேர்ச்சி பெற்றும் மெட்ரிகுலேஷன் இடமோ விரும்பிய பல்கலைக்கழகத் துறையோ கிடைக்காத மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். கிடைக்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்யுங்கள், காரணம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. அதே வேளையில், இடம் கிடைக்காததால் தகுதியே இல்லை என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். மாஸ்கோவுக்குப் போகாததால் தென்கொரியாவை வென்றது பொய்யாகிவிடவில்லை. அந்த வெற்றி இன்றும் ஆறுமுகத்தின் பெயரில்தான் இருக்கிறது.