வி. எஸ். சீனிவாச சாஸ்திரி

வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரி (செப்டம்பர் 22, 1869 - ஏப்ரல் 17, 1946) தமிழகத்தைச் சேர்ந்த ஆங்கில ஆசிரியர், கல்வியாளர், மிதவாத அரசியல்வாதி, சொற்பொழிவாளர் ஆவார். தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் முகவராக 1927 முதல் 1929 வரை பணியாற்றினார். இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வி பெரிதும் எட்டாதிருந்த நேட்டால் மாகாணத்தில், டர்பன் நகரில் சாஸ்திரி கல்லூரி அமைய இவரே காரணமாக இருந்தார். ஆங்கிலப் பேச்சுத்திறனுக்காக வெள்ளி நாக்குப் படைத்தவர் எனப் புகழப்பட்டார்.

பிறப்பும் கல்வியும்

கும்பகோணத்திற்கு அருகிலுள்ள வலங்கைமானில் (தற்போதைய திருவாரூர் மாவட்டம்) வைதிகத் தொழில் செய்துவந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். காந்தியடிகளை விட இவர் பத்து நாட்களே மூத்தவர். கும்பகோணத்தில் பள்ளிக் கல்வியை முடித்து, அங்குள்ள அரசுக் கல்லூரியில் 1888-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். ஆங்கிலத்திலும் வடமொழியிலும் சிறப்புத் தேர்ச்சி பெற்றிருந்தார்.

ஆசிரியப் பணி

மாயவரம் நகராட்சிப் பள்ளியில் ஆசிரியராகத் தம் வாழ்க்கையைத் தொடங்கினார். பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, 1890களின் முற்பகுதியில் கொங்கு நாட்டின் வடபகுதியான சேலத்தில், நகராட்சிக் கல்லூரியில் பணியாற்றினார். இன்றைய சேலம் அரசு கலைக் கல்லூரியின் முன்னோடி இக்கல்லூரியே. பிற்காலத்தில் காங்கிரஸ் தலைவரான சேலம் விஜயராகவாச்சாரியார் அந்நகரில் புகழுடன் விளங்கிய காலம் அது.

சேலத்திலிருந்து சென்னை சென்ற சாஸ்திரி, பச்சையப்பன் நிறுவனத்தில் சிறிது காலம் பணிபுரிந்தபின் 1894-இல் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். அப்போது அவருக்கு வயது 25. ஆங்கில உச்சரிப்பிலும் இலக்கணத்திலும் சிறு பிழையையும் பொறுக்காதவர் எனப் பெயர் பெற்றார். இந்தியப் பள்ளிகள் எங்கும் பாடநூலாக இருந்த நெஸ்ஃபீல்டு இலக்கண நூலிலேயே பிழைகளைச் சுட்டிக்காட்டினார் என்று சொல்லப்படுவதுண்டு. பள்ளிக்கு வெளியேயும் இவரது உழைப்பு இருந்தது. 1895-இல் சென்னை ஆசிரியர் சங்கம் தோன்றியதிலும், 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டதிலும் இவருக்குப் பங்குண்டு.

கோகலேயின் வழியில்

கோபால கிருஷ்ண கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் 1907-இல் இணைந்தார். தலைமையாசிரியர் வேலையை விட்டுவிட்டுச் சொற்ப ஊதியத்தில் பொதுப்பணி செய்யும் அமைப்பில் சேர்வது, குடும்பப் பொறுப்புள்ள ஒருவருக்கு எளிய முடிவன்று. 1915-இல் கோகலே மறைந்தபின் சங்கத்தின் தலைவரானார். 1913-இல் சென்னை சட்டமன்றத்திலும் 1916-இல் மத்திய சட்டமன்றத்திலும் உறுப்பினரானார். 1919-இல் ரௌலட் சட்ட முன்வரைவை எதிர்த்து அவர் ஆற்றிய உரை பெரிதும் பேசப்பட்டது. ஆயினும் ஒத்துழையாமை இயக்கத்தை அவர் ஏற்கவில்லை. இதனால் ஆங்கிலேயருக்கு வேண்டியவர் என்ற பழியும் அவருக்கு வந்தது.

குடியேற்ற நாடுகளில்

1921-இல் இலண்டனில் நடந்த பேரரசு மாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவராகக் கலந்துகொண்டார். பேரரசின் பிற நாடுகளில் சட்டப்படி குடியேறி வாழும் இந்தியருக்குக் குடியுரிமை வழங்கப்பட வேண்டும் என்ற தீர்மானம் அங்கு நிறைவேறியது. தென்னாப்பிரிக்கா மட்டும் அதற்கு உடன்படவில்லை. 1922-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குப் பயணம் செய்து இந்தியரின் வாக்குரிமைக்காகப் பேசினார். ஆஸ்திரேலியா 1925-இல் பிரித்தானிய இந்தியாவில் பிறந்து அங்கு வாழ்ந்தவர்களுக்கு வாக்குரிமை அளித்தது. கனடாவில் பலன் கிட்டவில்லை.

கென்யாவின் மேட்டுநிலங்களை வெள்ளையருக்கு மட்டுமே ஒதுக்கும் கொள்கையை எதிர்த்து 1923-இல் இலண்டன் சென்ற குழுவுக்கும் இவரே தலைவர். அவ்வாண்டு வெளியான பிரித்தானிய அரசின் வெள்ளை அறிக்கை அவ்வொதுக்கீட்டை நிலைநிறுத்தியது. நயமான வாதத்தால் பேரரசை நெறிப்படுத்தலாம் என்று நம்பிய சாஸ்திரிக்கு இது பெரும் ஏமாற்றம்.

தென்னாப்பிரிக்கா

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் சென்றது 1860-இல் தொடங்கியது. முதல் கப்பலான டுரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு அவ்வாண்டு நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அவர்களுள் மிகப் பலர். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியவர்களை வெள்ளையர் போட்டியாளராகக் கண்டனர். நிலம் வாங்கவும், வணிகம் செய்யவும், ஒரு மாகாணத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லவும் தடைகள் அடுக்கடுக்காக எழுந்தன. 1925-இல் உள்துறை அமைச்சர் மலான், இந்தியரின் குடியிருப்பையும் வணிகத்தையும் தனிப் பகுதிகளுக்குள் அடைக்கும் சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தார்.

இதையொட்டி இரு நாட்டு அரசுகளும் கேப் டவுனில் கூடிப் பேசின. 1926 டிசம்பரில் தொடங்கிய அம்மாநாட்டிற்குச் சென்ற இந்தியக் குழுவில் சாஸ்திரியும் ஓர் உறுப்பினர். 1927-இல் ஏற்பட்ட கேப் டவுன் உடன்படிக்கைப்படி மேற்கண்ட முன்வரைவு கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக, விரும்பித் தாயகம் திரும்பும் இந்தியருக்கு ஆள் ஒன்றுக்கு 20 பவுனும் குழந்தைக்கு 10 பவுனும் கொடுத்து அனுப்பும் திட்டம் ஏற்கப்பட்டது. தங்கியிருப்போரைக் கல்வியிலும் வாழ்க்கைத் தரத்திலும் உயர்த்துவது தன் கடமை என்பதைத் தென்னாப்பிரிக்க அரசும் ஒப்புக்கொண்டது. வெள்ளையர் பார்வை முதற்பகுதியில் இருந்தது. சாஸ்திரி இரண்டாம் பகுதியைப் பற்றிக்கொண்டார் எனலாம்.

உடன்படிக்கை நிறைவேறுவதைக் கவனிக்க இந்திய அரசின் முகவர் ஒருவர் அங்கு இருக்க வேண்டும் என முடிவாயிற்று. காந்தியடிகளின் வற்புறுத்தலும் சேர, தம் 58-ஆம் வயதில், உடல்நலம் குன்றியிருந்த நிலையில் சாஸ்திரி அப்பதவியை ஏற்று 1927 ஜூனில் தென்னாப்பிரிக்கா சென்றார். இந்திய ஊழியர் சங்கத்தின் பி. கோதண்டராவ் செயலாளராக உடன் சென்றார்.

நகர மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் வெள்ளையர் நிறைந்த அவைகளில் சாஸ்திரி பேசினார். இந்தியர் என்றால் கூலி என்றே பழகியிருந்த அவர்களுக்கு, தங்களைவிடச் செம்மையாக ஆங்கிலம் பேசும் இந்தியர் ஒருவரைக் காண்பது புதுமை. முகவர் என்ற முறையில் அவருக்குக் கிடைத்த மரியாதை, விடுதிகளிலும் தொடர்வண்டிகளிலும் சாதாரண இந்தியருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அவரையும் நிறவெறி முழுவதுமாக விட்டுவிடவில்லை. 1928-இல் டிரான்சுவாலின் கிளார்க்ஸ்டார்ப் நகரில் அவர் பேசிய கூட்டத்தை, நகராட்சியின் துணைத் தலைவரே முன்னின்று கலைத்தார்.

அவ்வாண்டே மதுவிற்பனை பற்றிய சட்ட முன்வரைவு ஒன்று வந்தது. அதன் ஒரு பிரிவு, விடுதிகளிலும் மதுக்கூடங்களிலும் பரிமாறுநராக இருந்த இந்தியரின் வேலையைப் பறிப்பதாக இருந்தது. சாஸ்திரியின் முயற்சியால் அப்பிரிவு நீக்கப்பட்டது.

சாஸ்திரி கல்லூரி

கல்வியே சாஸ்திரியின் முதன்மையான அக்கறையாக இருந்தது. அடிப்படையில் அவர் பள்ளி ஆசிரியரல்லவா! நேட்டாலில் பெரும்பாலான இந்தியக் குழந்தைகள் பள்ளிக்கே செல்லாத காலம் அது. இந்திய மாணவர்களுக்கென ஒன்றிய அரசு தந்த மானியத்தைக்கூட மாகாண நிர்வாகம் முழுமையாக அவர்களுக்குச் செலவிடவில்லை. சாஸ்திரியின் வேண்டுகோளின்படி அமைந்த விசாரணைக் குழுவிற்கு உதவ இந்தியாவிலிருந்து இருவர் வந்தனர். ஒருவர் ஐக்கிய மாகாணத்தின் கல்வித்துறை அதிகாரி கிச்லு. மற்றவர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த கார்டன் அம்மையார். சாஸ்திரி பயின்ற ஊரின் ஆசிரியப் பயிற்சி மரபே இவ்வாறு கடல் கடந்து நேட்டாலுக்கு உதவியது.

பள்ளிகள் பெருக வேண்டுமானால் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தகுதியுள்ள ஆசிரியர்கள் வேண்டும். அத்தகைய ஆசிரியர்களை உருவாக்கும் உயர்நிலைப் பள்ளியும் பயிற்சிக் கல்லூரியும் நேட்டாலில் இந்தியருக்கு இல்லை. அதை டர்பனில் அமைக்க இந்தியர்களே பணம் திரட்டினர். வணிகர் முதல் தொழிலாளர் வரை நன்கொடை அளித்தனர். தங்கள் வரிப்பணத்தில் அரசு கட்டித்தர வேண்டியதை இந்தியர் தம் கைப்பணத்தில் கட்டி மாகாணத்திடம் ஒப்படைத்தனர் என்பதே உண்மை நிலை. 1928 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1929 அக்டோபரில் கல்லூரி திறக்கப்பட்டது. உள்நாட்டில் தகுதியுள்ளோர் கிடைக்காததால் இந்தியாவிலிருந்து பட்டதாரி ஆசிரியர்கள் சிலர் வரவழைக்கப்பட்டனர்.

திறப்புவிழாவின்போது சாஸ்திரி அங்கில்லை. 1929 ஜனவரியிலேயே அவர் தாயகம் திரும்பிவிட்டார். அவருக்குப்பின் கூர்ம வெங்கட ரெட்டி நாயுடு முகவரானார். சாஸ்திரி கல்லூரியிலிருந்து பல தலைமுறை ஆசிரியர்களும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் வெளிவந்தனர். நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி வெள்ளையரல்லாத மாணவர்களைத் தன் வகுப்பறைகளில் சேர்க்காமல், 1936 முதல் அவர்களுக்குரிய பகுதிநேர வகுப்புகளைச் சாஸ்திரி கல்லூரிக் கட்டடத்தில் நடத்தியது.

திறனாய்வு

நிறவேற்றுமையின் அடித்தளத்தைச் சாஸ்திரி தொடவில்லை என்பது அவர்மீதான முதன்மையான குறை. தாயகம் திரும்பும் திட்டத்தை ஏற்றதையும் பலர் கண்டித்தனர். தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த இந்தியருக்கு அது தாயகமே அன்று என்பது அவர்கள் வாதம். இக்குறை நியாயமானதே. எனினும் ஆப்பிரிக்கப் பெரும்பான்மையினருக்கே உரிமையில்லாத நாட்டில், தூதர் ஒருவர் 18 மாதங்களில் பெறக்கூடியது எவ்வளவு என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மலாயாவில் எழுந்த கண்டனம் இதைவிடக் கடுமையானது. 1936-இன் இறுதியில் அங்குள்ள தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய இந்திய அரசு இவரை அனுப்பியது. பெரும்பாலும் தமிழரான அத்தொழிலாளர்களின் குறைகளை விட்டுவிட்டு அறிக்கை தோட்ட முதலாளிகளுக்குச் சாதகமாக இருந்ததென மலாயா இந்தியத் தலைவர்கள் ஏமாற்றமடைந்தனர்.

பிற்காலம்

1928-இல் அளிக்கவந்த சர் பட்டத்தை மறுத்தார். 1930-இல் அரச விருதொன்றை ஏற்றார். 1930, 1931 ஆண்டுகளின் வட்டமேசை மாநாடுகளிலும், 1932-இல் நடந்த இரண்டாம் கேப் டவுன் மாநாட்டிலும் கலந்துகொண்டார். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார்.

1940-இல் சென்னை அரசு அமைத்த கலைச்சொற் குழுவுக்கு இவர் தலைவரானார். குழு வடமொழிச் சொற்களின் பக்கம் சாய்வதாகத் தமிழறிஞர்கள் போர்க்கொடி தூக்கினர். தமிழகத்தின் கலைச்சொல் வரலாற்றில் இவர் பெயர் அவ்வளவு இனிமையாக நினைக்கப்படாததற்கு இதுவே காரணம்.

காந்தியடிகளுடன் அரசியலில் மாறுபட்டபோதும் நட்பு குறையவில்லை. காந்தியின் தன்வரலாற்று ஆங்கில மொழிபெயர்ப்பைப் பெயர் வெளியிடாமல் திருத்திக் கொடுத்தவர் இவரே. 1944-இல் சென்னை மயிலாப்பூரில் வால்மீகி இராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் தொடர் சொற்பொழிவாற்றினார். அது நூலாகவும் வந்தது. நோயுற்றிருந்த இவரை 1946-இன் தொடக்கத்தில் சென்னை வந்த காந்தியடிகள் சென்று பார்த்தார்.

அவ்வாண்டு ஏப்ரல் 17 அன்று சாஸ்திரி காலமானார். அடுத்த ஒன்றரை மாதத்தில், இந்தியர் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் குறிப்பிட்ட பகுதிகளுக்குள் கட்டுப்படுத்தும் ஆசியர் நிலச் சட்டத்தைத் தென்னாப்பிரிக்கா நிறைவேற்றியது. 1925-இல் மலான் கொண்டுவந்து, கேப் டவுன் உடன்படிக்கையால் நின்றுபோன முன்வரைவின் நோக்கமும் இதுவே.