ஆல்பர்ட் கூன்ஸ்

ஆல்பர்ட் ஹியூவிட் கூன்ஸ் (ஜூன் 28, 1912 – செப்டம்பர் 30, 1978) ஓர் அமெரிக்க மருத்துவரும் நோயெதிர்ப்பியல் ஆய்வாளரும் ஆவார். ஒளிரும் சாயம் பிணைக்கப்பட்ட எதிர்ப்பொருளைக் கொண்டு, உயிரணுக்களுக்குள் இருக்கும் நோய்க்கிருமியின் ஆன்டிஜெனை நுண்ணோக்கி வழியே காணும் முறையை உருவாக்கியவர் இவரே. சுவாச வைரசுகளைச் சில மணி நேரத்தில் கண்டறியும் ஆய்வகச் சோதனைகளுக்கு இம்முறை வழிவகுத்தது.

இளமையும் கல்வியும்

கூன்ஸ் நியூயார்க் மாநிலத்தின் குளோவர்ஸ்வில் நகரில் பிறந்தார். வில்லியம்ஸ் கல்லூரியில் 1933 ஆம் ஆண்டில் இளங்கலைப் பட்டமும், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் 1937 ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டமும் பெற்றார். பின்னர் பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பயிற்சி பெற்றார்.

எண்ணத்தின் தோற்றம்

1939 ஆம் ஆண்டுக் கோடையில் கூன்ஸ் பெர்லின் சென்றிருந்தார். அங்கு ருமாட்டிக் காய்ச்சலில் இதயத் திசுவில் தோன்றும் ஆஷாஃப் முடிச்சுகளைப் பற்றிச் சிந்தித்தார். இந்நோய்க்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவுக்கும் தொடர்பு இருப்பதாகக் கருதப்பட்டது. ஆனால் அம்முடிச்சுகளில் பாக்டீரியாவின் ஆன்டிஜென் உள்ளதா என்பதைப் பார்த்தறிய வழி ஏதும் இருக்கவில்லை.

எதிர்ப்பொருள் தனக்குரிய ஆன்டிஜெனுடன் மட்டுமே பிணையும். எனவே எதிர்ப்பொருளின் மீது கண்ணுக்குப் புலப்படும் ஓர் அடையாளத்தைப் பொருத்தினால், அது சென்று பிணையும் இடமே ஆன்டிஜென் உள்ள இடம் என அறியலாம். இதுவே கூன்ஸின் எண்ணம். சாதாரணச் சாயம் மங்கலாகவே தெரியும் என்பதால், புற ஊதாக் கதிர் பட்டதும் ஒளிரும் பொருளை அவர் தேர்ந்தெடுத்தார்.

ஒளிரும் எதிர்ப்பொருள்

ஹார்வர்டில் வேதியியலாளர்கள் ஹியூ கிரீச், நார்மன் ஜோன்ஸ் ஆகியோருடன் இணைந்து, நியூமோகாக்கஸுக்கு எதிரான எதிர்ப்பொருளுடன் ஆந்திரசீன் சேர்மம் ஒன்றைப் பிணைத்தார். சாயம் ஏறிய பின்னரும் எதிர்ப்பொருள் தன் இயல்பை இழக்கவில்லை என 1941 இல் வெளியான கட்டுரை காட்டியது. ஆயினும் ஒரு தடை எழுந்தது. ஆந்திரசீன் நீல நிறத்தில் ஒளிர்ந்தது. திசுக்களும் இயல்பாகவே நீலமாக ஒளிர்ந்ததால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. எனவே பச்சை நிறத்தில் ஒளிரும் புளோரசீன் சாயத்துக்கு அவர்கள் மாறினர். இதனைக் கொண்டு திசுக்களில் நியூமோகாக்கஸ் ஆன்டிஜெனைக் காட்டிய கட்டுரை 1942 இல் வெளியானது.

அதன்பின் இரண்டாம் உலகப் போரில் கூன்ஸ் இராணுவ மருத்துவப் பணிக்குச் சென்றதால் ஆய்வு தடைப்பட்டது. போருக்குப் பின் ஹார்வர்டு திரும்பிய அவர், மெல்வின் கப்லானுடன் சேர்ந்து முறையைச் செம்மைப்படுத்தினார். தொடர்பில்லாத இடங்களிலும் சாயம் ஒட்டிக்கொள்வது பெரும் குறையாக இருந்தது. சாயமிட்ட எதிர்ப்பொருளை முன்னதாகவே உலர்ந்த திசுப்பொடியுடன் கலந்து பிரித்தெடுத்து அக்குறையை நீக்கினர். இம்மேம்பாடுகள் 1950 இல் வெளியாயின. எனினும் சாயத்தைத் தயாரிக்க நச்சு வாயுவான பாஸ்ஜீன் தேவைப்பட்டது. 1958 இல் வேறு ஆய்வாளர்கள் நிலையான புளோரசீன் ஐசோதயோசயனேட்டை உருவாக்கிய பின்னரே இம்முறை பரவலாகியது.

கூன்ஸின் தொடக்கக் கேள்வியும் தொடர்ந்தது. இதயத் திசுவுக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கும் பொதுவான ஆன்டிஜென்கள் உண்டு என்பதைக் கப்லான் 1960களில் இதே முறையால் காட்டினார்.

சுவாச வைரசுச் சோதனை

கூன்ஸ் 1954 இல் வாட்சன் என்பவருடன் கோழிக்கருவில் இன்ஃபுளுவென்சா வைரசை இம்முறையால் ஆராய்ந்தார். 1968 இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கார்ட்னர், மெக்குவிலின் ஆகியோர் குழந்தைகளின் சுவாச ஒத்திசைவு வைரசைக் கண்டறிய இதனைப் பயன்படுத்தினர். மூக்கின் பின்பகுதியிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, சாயமிட்ட எதிர்ப்பொருளை இட்டுக் கழுவி நோக்குவர். பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் வைரசு உள்ளது எனக் கொள்வர். வைரசை வளர்த்து அறியப் பல நாட்கள் ஆகும். இச்சோதனை சில மணி நேரத்தில் முடியும். இதனால் நோயுற்ற குழந்தையை உடனே தனிமைப்படுத்தவும், தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தவிர்க்கவும் இயலும். போதிய உயிரணுக்களும் பயிற்சி பெற்ற கண்களும் தேவைப்படுவது இதன் வரம்பாகும். பின்னர் வந்த பட்டை வடிவ விரைவுச் சோதனைகளும் அடையாளமிட்ட எதிர்ப்பொருள் என்ற அதே கருத்தின் மேல் அமைந்தவையே.

விருதுகளும் மறைவும்

கூன்ஸ் 1959 இல் லாஸ்கர் விருது பெற்றார். 1962 இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். நோபல் பரிசு இவருக்குக் கிடைக்கவில்லை. 1978 இல் மாசசூசெட்ஸில் உள்ள புரூக்ளைனில் காலமானார்.