கழற்றி மாட்டிய ஜி.டி. நாயுடு



எங்கள் ஊர் வாணியம்பாடி. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு போவதால் இரவு பகலாக லாரிகள் ஓடியபடியே இருக்கும். எங்காவது ஒரு லாரி நின்றுகொண்டிருந்தால், பின்பக்கம் சற்றுத் தள்ளி நின்று குனிந்து பாருங்கள். இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே, அச்சின் மத்தியில், பானை போல் ஓர் இரும்பு உருண்டை தெரியும். அதற்கு டிபரன்ஷியல் என்று பெயர். மெக்கானிக்குகள் 'கிரவுன்' என்பார்கள். அதற்குள் பல் சக்கரங்கள் இருக்கின்றன. அவை தேயாமல் இருக்கக் கெட்டியான கியர் ஆயில் ஊற்றி வைத்திருப்பார்கள்.

என் மாமாவிடம் ஒரு பழைய வேன் இருந்தது. பதனிட்ட தோலை ஏற்றிக்கொண்டு சென்னை பெரியமேட்டுக்குப் போய் வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூலி மிச்சமாகட்டுமே என்று, வீட்டு வாசலிலேயே கிரவுன் ஆயில் மாற்ற உட்கார்ந்தார். அடியில் உள்ள திருகு மூடியைக் கழற்றினார். கறுத்த ஆயில் முழுவதும் சட்டியில் இறங்கிவிட்டது. பிறகு, புது ஆயில் ஊற்றுவதற்காகப் பக்கவாட்டில் உள்ள மூடியைத் திருகினால், அது துருப்பிடித்து அசையவே இல்லை! பழைய ஆயில் வெளியே வந்துவிட்டது. புது ஆயில் உள்ளே போக வழியில்லை. ஆயில் இல்லாமல் ஓட்டினால் பற்கள் தேய்ந்து நாசமாகிவிடும். திங்கட்கிழமை லோடு வேறு யாருடைய வண்டியிலோ போயிற்று. மிச்சம் பிடிக்கப் பார்த்தவருக்கு ஒரு நடை வாடகையே போய்விட்டது.

வகுப்பில் ஜி.டி. நாயுடுவைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் இந்த வேனையும் சேர்த்தே சொல்வேன். கழற்றிய பொருளைத் திரும்ப மாட்டத் தெரிந்ததால் முன்னுக்கு வந்தவர் அவர்.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று பிறந்தார். கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப் பெயர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. சில வகுப்புகளோடு நின்றுவிட்டார். ஆசிரியனாக இருந்த எனக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடம்தான்! ஆனால் நடந்தது அதுதான்.

ஒருநாள் அந்தக் கிராமத்துப் பக்கம் ஓர் ஆங்கிலேய அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி தானே ஓடுகிறது! பையனின் மனம் அந்த வண்டியின் பின்னாலேயே ஓடிவிட்டது. அதை வாங்கியே தீருவது என்று கோவைக்குப் போய் ஓர் ஓட்டலில் சர்வர் வேலையில் சேர்ந்தார். கையில் வந்த காசைச் சில ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்தார். கடைசியில் அந்த மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கியேவிட்டார்.

வாங்கியவர் என்ன செய்தார் தெரியுமா? பாகம் பாகமாகக் கழற்றினார். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினார். சொல்லித்தர ஆளும் இல்லை, படித்துப் பார்க்கப் புத்தகமும் இல்லை. சில வருட உழைப்பு முழுவதும் நட்டும் போல்ட்டுமாகத் தரையில் கிடந்தபோது அவர் மனம் எப்படி அடித்துக்கொண்டிருக்கும்! எது எதன் மேல் இருந்தது என்ற வரிசை தப்பினால் எல்லாம் வெறும் இரும்பு. அப்படித்தான் அவர் மெக்கானிக் ஆனார்.

பிறகு திருப்பூரில் பருத்தி அரைக்கும் தொழில் செய்தார். நன்றாகச் சம்பாதித்தார். பம்பாய் பஞ்சு வியாபாரத்தில் இறங்கி அத்தனையையும் இழந்தார். வெறுங்கையோடு நின்றவருக்குக் கோவையின் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரை கைகொடுத்தார். 1920-இல் ஒரு பஸ் வந்தது. பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை வழியாகப் பழனிக்கு நாயுடுவே அதை ஓட்டினார்.

இருந்தது ஒரே ஒரு பஸ். அது படுத்துவிட்டால் அன்றைக்கு வருமானம் இல்லை. வழியில் பழுதானால் தூக்கிவிட இன்றுபோல் ஊருக்கு ஊர் ஒர்க்‌ஷாப்பும் கிடையாது. ஓட்டுகிறவருக்கே வண்டியின் உடம்பு முழுவதும் தெரிந்திருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பின் அச்சு உட்பட.

அந்த உருண்டை எதற்கு என்று கேட்கிறீர்களா? ஒரு நீளக் கோலின் இரு முனைகளையும் நீங்களும் உங்கள் நண்பனும் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக நடந்து பாருங்கள். நேராகப் போகும்வரை இருவருக்கும் ஒரே நடை. வளைந்து திரும்பும்போது உள்பக்கம் இருப்பவர் மெதுவாக நடந்தால் போதும், வெளிப்பக்கம் இருப்பவர் ஓட வேண்டும். வண்டியின் இரண்டு பின் சக்கரங்களுக்கும் இதே பாடுதான். எஞ்சினின் விசையை இரண்டுக்கும் கொடுத்துக்கொண்டே, வெவ்வேறு வேகத்தில் சுற்றவும் விடுகிறது டிபரன்ஷியல். பிரான்சு நாட்டில் கடிகாரம் செய்த பெக்கூர் என்பவர் 1820-களிலேயே இதற்கு உரிமம் வாங்கிவிட்டார். மோட்டார் காரே பிறக்காத காலம் அது!

நம் ஊருக்கும் அதில் ஓர் ஒட்டுறவு உண்டு. அந்த நாளில் அச்சின் ஓரங்களில் ஆயில் கசியாமல் இருக்கக் கம்பளி வளையமோ தோல் வளையமோதான் வைப்பார்கள். ரப்பர் சீல்கள் பரவியது பிற்பாடுதான்.

இன்றைக்கும் அந்த ஆயிலை மாற்றும் முறை எளிதானது. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி ஆயிலை இளக வைக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். முதலில் ஊற்றும் துளையின் மூடி திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைத்தான் என் மாமா மறந்தார்! அது திறந்த பிறகே அடி மூடியில் கை வைக்கலாம். பல வண்டிகளில் அடி மூடியின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை போல் இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் பயமில்லை, அது வழக்கமான தேய்மானம். சில்லு சில்லாக இரும்புத் துண்டு இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். பிறகு அடி மூடியை இறுக்கி, கம்பெனி சொல்லியிருக்கும் ரக ஆயிலையே, ஊற்றும் துளையின் விளிம்பை எட்டும்வரை ஊற்ற வேண்டும். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டக்கூடாது. டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும். பாலாறு ஏற்கெனவே பட்டது போதும். நீங்கள் மட்டும் வண்டிக்கு அடியில் நுழைந்துவிடாதீர்கள். பெரியவர்கள் செய்யும்போது தள்ளி நின்று டார்ச் விளக்குப் பிடியுங்கள்.

மறுபடி நாயுடுவிடம் வருவோம். ஒரு பஸ் பலவாகி யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனம் ஆனது. 1930-களில் இருநூறுக்கும் மேற்பட்ட பஸ்கள் ஓடின. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டார் தயாரித்தார். அது இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டார் என்கிறார்கள். மின்சார ஷேவிங் ரேசர், மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி என்று அவர் கை வைக்காத பொருள் இல்லை.

1945-இல் கோவையில் தொழிற்கல்விக்காக ஆர்தர் ஹோப் பெயரில் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். ஆர்தர் ஹோப் அப்போது சென்னை மாகாண கவர்னர். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர் அதற்கு முதல்வராகவும் இருந்தார்! ஆனால் பொறியியலுக்கு நான்கு ஆண்டு தேவையில்லை, கையால் வேலை செய்தால் குறைந்த காலத்திலேயே கற்றுவிடலாம் என்பது அவர் கருத்து. மேலிடம் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் விலகிவிட்டார். இதில் அவர் சொன்னது முழுவதும் சரி என்று நான் நினைக்கவில்லை. பாலம் கட்டுகிறவருக்குக் கணக்கும் வேண்டும் அல்லவா? ஆனாலும், ஒரு திருகைக்கூடத் தொடாமல் பட்டம் வாங்கியவர்களைப் பார்க்கும்போது அவர் நினைவுதான் வருகிறது.

1952-இல் இருவர் உட்காரும் சிறிய காரை 2,000 ரூபாய்க்குத் தர முடியும் என்று செய்து காட்டினார். அரசு உரிமம் கிடைக்கவில்லை. அது மட்டும் கிடைத்திருந்தால், என் மாமாவைப் போல் எத்தனையோ பேர் வாசலில் சொந்தக் கார் நின்றிருக்கும்!

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று நாயுடு காலமானார். 2025-இல் கோவை அவினாசி சாலையில் திறக்கப்பட்ட பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதே சாலையில் அவர் குடும்பத்தார் 2015-இல் தொடங்கிய பழைய கார்களின் அருங்காட்சியகமும் இருக்கிறது. விடுமுறையில் கோவைப் பக்கம் போனால் அப்பா அம்மாவை அங்கே அழைத்துப் போகச் சொல்லுங்கள். எல்லோரும் காரின் முன்பக்கத்தைப் பார்த்து வியந்துகொண்டிருக்கும்போது, நீங்கள் மட்டும் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள்.